நவம்பர் மாதத்து விமானி

எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் "தீபாவளி முடியட்டும்" என்பார்கள். பல் ஆடுகிறதா, தீபாவளி முடியட்டும். பெண் பார்க்க வருகிறார்களா, தீபாவளி முடியட்டும். மூட்டு வலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்ன டாக்டரிடமே, "சீசன் நேரத்துல எப்படி டாக்டர்?" என்று கேட்டுவிட்டு மாத்திரையோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் வருடத்துக்குப் பதினோரு மாதம் வேலை, மிச்சம் ஒரு மாதம்தான் வாழ்க்கை. பண்டிகை முடிந்து பயர் ஆபீஸ்களைப் பூட்டியதும், அந்த ஒரு மாதத்துக்குள் கல்யாணம், காதுகுத்து, திருப்பதி, பல் பிடுங்கல், பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிட வேண்டும். நான் அந்தப் பட்டியலில் விமானம் ஓட்டுவதையும் சேர்த்து வைத்திருந்தேன்.

பயர் ஆபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை. வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, ஏசி என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். நாரணாபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் அச்சகம் வைத்திருக்கிறார். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள். நான் வெடிப்பதைச் செய்கிறேன், அவர் அதன் மேல் ஒட்டுவதை அடிக்கிறார். குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

விமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். இருபது வயதில், அப்பாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்து, ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தனிநபர் விமானி லைசென்ஸ் வாங்கினேன். மூன்று நாள் என்பது வீட்டில் சொன்ன கணக்கு. தோழி வீட்டில் இரண்டு வேளை பரோட்டா சாப்பிட்டது அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. பிறகு கல்யாணம், பிள்ளை, சீசன் என்று லைசென்ஸ் பீரோவுக்குள் போய்விட்டது. மகள் படிக்க வெளியூர் போன பிறகு, நாற்பத்தாறு வயதில், கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டி, மறுபடி பரீட்சை எழுதி, அதைத் தூசி தட்டி எடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கவே ஆகாது. சென்னைக்கும் ரயில், டெல்லிக்கும் ரயில். "மேல அங்கன என்ன இருக்கு பாக்குறதுக்கு? கீழ இருக்கிறதையே இன்னும் பாத்து முடியல" என்பார். அவரை நான் ஐந்து வருடமாகக் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதிவிட்டேன், சண்டை போட்டேன் என்பதுதான் சரி. கடைசியில், எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்காக ஒரே ஒரு சுற்று என்னோடு வருவதாக ஒப்புக்கொண்டார். மேலே ஏறி, ஒரு வட்டம் அடித்து, இறங்க வேண்டியது. ஏழு நிமிடம். நகை கேட்டதில்லை, பட்டுச்சேலை கேட்டதில்லை, நான் அந்த மனுசனிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஏழு நிமிடத்தைத்தான்.

அதைத்தான் மூன்று குதியில் கெடுத்தேன்.

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை அது. பயிற்சிப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து காரில் நாலு மணி நேரம். யாரையாவது ஏற்றிக்கொண்டு பறப்பதென்றால், சமீபத்தில் இத்தனை முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் சனிக்கிழமை நான் பறந்து கணக்கை நேர் செய்துகொள்வது, ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொள்வது என்று திட்டம். நான் முதல் நாளே போய்த் தங்கிவிட்டேன். இவர் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வருகிறேன் என்றால் வேன் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அவருடைய அக்கா, அதாவது என் மதினி, தலைமையில் பதினோரு பேர். காராச்சேவு இரண்டு கிலோ, பால்கோவா, புளிச்சோறு, உட்கார ஜமுக்காளம். அதே வேனில் எங்கள் போர்மேன் அக்காவும் ஏறிவிட்டது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயர் ஆபீஸில் வேலையாட்களை மேற்பார்வை பார்க்கிறவருக்குப் போர்மேன் என்று பெயர். எங்கள் போர்மேன் ஒரு பெண். விஸ்வநத்தத்துக்காரி. திரி வெட்டுகிற வேலையில் ஆரம்பித்து, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, இன்றைக்கு அறுபது பேரை ஒரு பார்வையில் அடக்குகிற ஆள். என்னைவிட நாலு வயது பெரியது. "முதலாளியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைத் திட்டக்கூடிய ஒரே பிறவி.

எங்கள் ஆபீஸில் நான் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. அதற்குத் திங்கக்கிழமை ஓட்டம் என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். பட்டாசு செய்கிற அறைகள் சின்னச் சின்னதாக, தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கிடையாது. கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். கையில் இருக்கும் வெடிமருந்து லேசாகச் சீறினாலும், புகைந்தாலும், மனுசர்களுக்கு முதலில் தோன்றுவது அதைக் காப்பாற்றுவதுதான். தட்டை நகர்த்தலாமா, மண்ணைப் போடலாமா, பாதி முடித்த வேலை வீணாகிறதே என்று ஒரு நொடி நிற்பார்கள். அந்த ஒரு நொடிதான் ஆளைக் கொல்கிறது. அதனால் ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலையில், வேலை ஆரம்பிக்கும் முன்பு, மருந்தில்லாத வெறும் தட்டை முன்னால் வைத்து எல்லாரையும் உட்கார வைப்போம். அக்கா விசில் ஊதும். வச்சது வச்சபடி விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே ஓட வேண்டும். செருப்பைத் தேடக்கூடாது, முந்தானையைச் சரிசெய்யக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு விட்டாலே கால் மறந்துபோகும் என்பது என் கட்சி. இதை நான் மேடை போட்டுப் பேசாத குறைதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்குக் காற்றே இல்லை. எனக்குப் பயிற்சியாளர் ஒரு பெண், என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். முதல் நாள் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு, நான் பார்த்த பார்வையில் மறுநாளிலிருந்து "மேடம்" ஆக்கிக்கொண்டவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் மூன்று முறை ஏறி இறங்கினேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. பதினோரு மாதம் தொடாமல் இருந்தும் கை மறக்கவில்லையே என்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

வேன் எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். வழியில் டீ, அப்புறம் யாருக்கோ வாந்தி, அப்புறம் அந்த வாந்திக்கு ஒரு டீ. பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வெயில் ஏறி, ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் பெண், "மேடம், இன்னைக்கு இது போதும். சாயங்காலம் பாக்கலாம்" என்றாள். நான் ஜமுக்காளத்தைப் பார்த்தேன். பதினோரு பேர் காராச்சேவைப் பிரித்துவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "ஒரே ஒரு சுத்து, தனியா போயிட்டு வந்துடுறேன்" என்றேன். அவள் காற்றுமானியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காற்று இன்னும் அனுமதித்த அளவுக்கு உள்ளேதான் இருந்தது. சரி என்றாள்.

சின்ன விமானங்களுக்கு ஆகாயத்தில் பெரிய ஆபத்து கிடையாது. தரைதான் ஆபத்து. ஆனால் இறங்குவது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை. தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மூக்கை மெதுவாகத் தூக்கி, விமானத்தைத் தரையைத் தொடவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் தீர்ந்ததும் அதுவாக உட்காரும். வேகம் தீருவதற்கு முன்னால் தொட்டுவிட்டால் குதிக்கும். குதித்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எஞ்சினுக்கு முழு விசையையும் கொடுத்து, இறங்குகிற எண்ணத்தை விட்டுவிட்டு, மறுபடி மேலே ஏறி, ஒரு வட்டம் சுற்றிவந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்குக் கோ-அரவுண்டு என்று பெயர். அதை விட்டுவிட்டு, குதித்த விமானத்தின் மூக்கை அமுக்கித் தரையோடு ஒட்டப் பார்த்தால், இரண்டாவது குதி முதலாவதைவிடப் பெரிதாக வரும். மூன்றாவதில் முன்சக்கரம் போகும். இதை நான் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி, படமும் போட்டிருக்கிறேன்.

வேகம் கொஞ்சம் கூடுதலாக வந்தேன். காற்று ஒரு தூக்குத் தூக்கி விட்டது. தொட்டேன், குதித்தது. அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். மதினி வீடியோ எடுக்கிறாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஏற வேண்டிய மனுசன். இப்போது நான் திரும்ப மேலே போனால், இறங்கத் தெரியாமல் போகிறாள் என்று பயந்துவிடுவார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, உட்கார வைத்துவிடலாம். மூக்கை அமுக்கினேன். பரீட்சையில் எழுதிய வரிசை அப்படியே நடந்தது. இரண்டாவது குதி, மூன்றாவது குதி, முன்பக்கம் ஒரு சத்தம். விமானம் மூக்கைத் தரையில் வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. காற்றாடியின் இரண்டு இலைகளும் வளைந்து போயிருந்தன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டதில் ரத்தம் வந்தது, அவ்வளவுதான். எஞ்சினை, மின்சாரத்தை எல்லாம் அணைத்துவிட்டு வெளியே குதித்தேன். பார்த்தால், வேலியைத் தாண்டி ஓர் உருவம் ஓடிவருகிறது. பின்னால் காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடுகிறார். மாடிச்சுவர் ஓரம் நிற்கப் பயப்படுகிற என் வீட்டுக்காரர், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருஞ்சி முள்ளில் ஓடிவந்தார். கிட்டே வந்து என் தோளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இறங்கிட்டியா?"

இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விமானம் மூக்கு உடைந்து கிடக்கிறது, நான் அவருக்கு முன்னால் தரையில் நிற்கிறேன். "இறங்கிட்டேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அன்றைக்கே வேனில் ஊருக்குத் திரும்பினோம். புளிச்சோறு திறக்கப்படாமலே வந்தது. எங்கள் வீட்டு வரலாற்றில் அது முதல் தடவை. வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் ஒன்று சொன்னார். சத்தமே போடவில்லை. "நீ இனிமே போக வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம். ஆனா நான் ஏற மாட்டேன். என்னைக் கூப்பிடாத." எனக்குப் பதிலுக்குப் பதில் பேசித்தான் பழக்கம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு வாரத்தில் சமாதானம் ஆகியிருக்கும். இப்படி மெதுவாகச் சொன்னால் என்ன செய்வது?

மதினியின் வீடியோ அதற்குள் குடும்பக் குழுவில் போய்விட்டது. அதில் படத்தைவிட பின்னால் கேட்கும் வர்ணனைதான் பிரமாதம். முதல் குதிக்கு, "ஏயப்பா, ஸ்டைலா வாறா பாரேன்!" இரண்டாவது குதிக்கு, "நல்லா குதிக்குது, எல்லாரும் கை தட்டுங்க." கை தட்டுகிற சத்தத்துக்கு நடுவே மூன்றாவது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தம்பி முறைக்காரன், "அக்கா, ராக்கெட்டை நம்ம சைடுல மேலதான விடுவோம்?" என்று கீழே எழுதியிருந்தான். அந்த வருடம் பொங்கலுக்கு அவன் வந்தபோது அவனுக்கு மட்டும் நான் காபி போடவில்லை.

விசாரணைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் பெண் என் லாக்புக்கை, அதாவது பறந்த நேரத்தை எல்லாம் எழுதிவைக்கும் நோட்டை, முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். பிறகு ரொம்பப் பணிவாக, "மேடம், நாலு பக்கம் பாத்துட்டேன். நவம்பரைத் தவிர வேற மாசமே இல்லையே?" என்றாள். "நாங்க சிவகாசி" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "காத்து இல்லாத காலையில நீங்க இறங்குனது பழைய ஞாபகம் மேடம். தப்பாப் போனா என்ன செய்யணும்ங்கிறது அந்த ஞாபகத்துல வராது. அதைத் தனியாப் பழகிக்கிட்டே இருக்கணும்" என்றாள். சின்னப் பெண் எனக்குச் சொல்லித்தருகிறாள் என்று கோபம்தான் வந்தது. நாங்கள் சரக்கை உலர்வாகக் குடோனில் வைத்துப் பூட்டினால் அடுத்த வருடமும் வெடிக்கும். கையையும் அப்படிப் பூட்டி வைக்கலாம் என்று நான் நினைத்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பூஜை போட்டு ஆபீஸைத் திறந்தோம். அடுத்த திங்கக்கிழமை வழக்கம்போல ஓட்டம். வாசலுக்கு வெளியே எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். லீவில் உடம்பு போட்டதில் இரண்டு பேர் மெதுவாக வந்தார்கள் என்று நான் சத்தம் போட்டேன். அவர்கள் உள்ளே போன பிறகு போர்மேன் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஒண்ணு கேக்கட்டுமா முதலாளியம்மா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு ஒரு தடவ குதிச்ச உடனே ஏன் மேல ஏறிப் போகல? போகலாம்னு அந்த டீச்சர் பிள்ள சொல்லிச்சே."

"எப்படியாவது உக்கார வச்சிடலாம்னு பாத்தேன்."

அக்கா வெறும் தட்டுகள் இருந்த அறையைப் பார்த்தது. "ஒரு நாள் லீவுக்கே எங்கள ஓட விடுறீக. வச்சது வச்சபடி விட்டுட்டு வரணும், காப்பாத்த நிக்கக் கூடாதுன்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கீக. நீங்க பதினோரு மாசம் ஓடாம இருந்துட்டு, அங்கன போயித் தட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கீகளே?"

"வேலையைப் போய்ப் பாருங்க அக்கா" என்று கத்தினேன். அக்கா போய்விட்டது. நான் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மின்விசிறியைப் போட்டேன், நிறுத்தினேன், மறுபடி போட்டேன். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பிருந்தால் நான் அன்றைக்கே பிடித்திருப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் மதியம் சாப்பிடவும் இல்லை. இந்தத் தடவை பரோட்டாவும் இல்லை.

அடுத்த திங்கக்கிழமை அக்கா விசில் ஊதும்போது நான் என் அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். விசில் கேட்டதும் வலது கையை மேசை மேல் முழுசாக முன்னால் தள்ளினேன். எஞ்சினுக்கு முழு விசை. மூக்கைச் சமமாக வைத்துக்கொள், வேகம் வரட்டும், ஏறு. அவர்கள் வாசலுக்கு ஓடினார்கள், நான் நாற்காலியிலிருந்தே ஆகாயத்துக்குப் போனேன். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்ட இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளியம்மா ஆபீஸிலேயே பிளேன் ஓட்டுகிறாள் என்று நாரணாபுரம் முழுக்கப் பரவியது. பரவட்டும் என்று விட்டேன். அந்த வருடத்தில் ஒரு திங்கக்கிழமை கூட நான் தவறவிடவில்லை.

அதோடு, மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். சீசனிலும் போனேன். ஆர்டர்காரர்கள் போனில் கத்தினார்கள். "தீபாவளிக்கு முன்னாடி முதலாளி ஊர்ல இல்லாத கம்பெனி உங்க ஒண்ணுதான்" என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். ஒரு மணி நேரம் பறக்கப் போக வர எட்டு மணி நேரம் கார். தூக்கக் கலக்கத்தில் நான் கார் ஓட்டுவது சரியில்லை என்று சொல்லி, என் வீட்டுக்காரர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் கூப்பிடவில்லை. வேப்பமரத்தடியில் காலண்டர் புரூப்பை விரித்துவைத்து, முருகன் வேலின் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தத் தாள் காற்றில் பறந்து என் காலடிக்கு வந்தது. பின்பக்கம் பென்சிலால் மூன்று பத்தி போட்டிருந்தார். "நல்லா இறங்குனது." "குதிச்சது." "விட்டுட்டு மேல போனது." ஒவ்வொன்றின் கீழும் கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்திருந்தார். எத்தனை மாதமாக நடக்கிறதோ தெரியவில்லை. தாளை மடித்து அவர் பைக்குள் திரும்ப வைத்துவிட்டேன். அவர் திருட்டுத்தனமாகப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது. இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடியும் தீபாவளி வந்தது, முடிந்தது. ஆபீஸைப் பூட்டிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில் கிளம்பும்போது அவர் காலைப் பார்த்தேன். ஷூ போட்டிருந்தார். கயிறு கட்டுகிற ஷூ. எங்கள் கல்யாணத்துக்குக்கூடச் செருப்போடு வந்த மனுசன்.

"என்ன இது?" என்றேன்.

"கயிறு கட்டினா கழண்டு போகாதுன்னு கடைக்காரன் சொன்னான்" என்றார். பிறகு காரின் சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, "ஏழு நிமிஷம்தான?" என்றார்.

நான் வழி முழுக்கப் பேசவில்லை. பேசினால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். அவர்தான் பேசிக்கொண்டே வந்தார், தாள் விலையைப் பற்றி.

பயிற்சியாளர் பெண் முதலில் என்னோடு ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டாள். அந்த இருக்கையில் அவரை உட்காரவைத்து, பெல்ட்டை நானே மாட்டினேன். இரண்டு பேர் உட்காரும் விமானம். தோளோடு தோள் இடிக்கும். ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இடது கை தன் தொடையையே பிடித்திருந்தது, வலது கை கதவுப் பிடியில் இருந்தது. கீழே ஒரு கண்மாய் தெரிகிறது பாருங்க என்றேன். "நீ பாத்துச் சொல்லு, போதும்" என்றார்.

வட்டம் முடிந்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினேன். வேகம் சரி, உயரம் சரி. தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். அப்போது பக்கவாட்டிலிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஒரு சக்கரம் தொட்டு, விமானம் குதித்தது. பெரிய குதி இல்லை. முன்பைப் போலவே எனக்குள் ஒருத்தி சொன்னாள்: அவர் பக்கத்தில் இருக்கிறார், ஒரு வருடம் காத்திருந்தாய், இப்போது மேலே ஏறினால் இந்த ஜென்மத்தில் மறுபடி ஏறமாட்டார், லேசாகத்தான் குதித்திருக்கிறது, உட்கார வை. அவள் பேசி முடிப்பதற்குள் என் வலது கை முழுசாக முன்னால் போயிருந்தது. எஞ்சின் அலறியது. ஓடுபாதை கீழே நழுவிப் போனது.

"கோ-அரவுண்டு" என்று ரேடியோவில் சொன்னேன். அவர் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் என்ன சொன்னாலும் தகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உயரத்தைப் பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தேன். கதவுப் பிடியிலிருந்து அவர் கை கீழே வந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லையா?" என்றேன்.

"இம்புட்டு நேரமும் இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார். "நேத்து போர்மேன் அக்காட்டப் போயிக் கேட்டேன், ஏறலாமான்னு. அது சொல்லிச்சு: 'தைரியமா ஏறுங்க முதலாளி. இறங்கும்போது சரியில்லன்னு முதலாளியம்மா மறுபடி மேல ஏறிட்டாகன்னா பயப்படாதீக. அவுக உங்களைத்தான் காப்பாத்துறாக, தட்டை இல்லன்னு அர்த்தம்.'"

எனக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஓடுபாதை தெரிய வேண்டுமே என்று சட்டைக் கையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. "அழாதம்மா, ரோட்டப் பாரு" என்றார். மேலே ரோடு கிடையாது என்று திருத்தக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை இறங்கினோம். குதிக்கவில்லை. விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவர் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாளையும் பென்சிலையும் எடுத்து, என் கண் எதிரிலேயே, மூன்றாவது பத்தியில் ஒரு கோடு போட்டார். பிறகு முதல் பத்தியில் ஒரு கோடு.

"ஏழு நிமிஷம்னு சொன்ன, பதிமூணு ஆயிருக்கு" என்றார். "அந்த ஆறு நிமிஷத்துலதான் கண்ணத் தெறந்து பாத்தேன்."